டப்லெட்டுக்கு விசைப்பலகை தெரிவுசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் டப்லெட் பாவிக்கும் மாணவர்கள், ஆசிரியர்கள், செய்தி எழுதுவோர், சங்கங்களுக்கும் ஆலயங்களுக்கும் அறிக்கை தயாரித்துக் கொடுப்போர் ஆகியோர் வெளி விசைப்பலகை ஒன்றை வாங்க எண்ணும்போது கேட்கின்ற கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விலையையும் வணிகப் பெயரையும் பார்ப்பதற்கு முன்னர், தமிழில் எழுதும் கைக்கு அந்தப் பலகை ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும் என்பதே இப்பதில்கள் அனைத்துக்கும் அடிப்படை.

திரையிலேயே விசைப்பலகை இருக்கும்போது தனியே ஒன்று தேவையா?

வட்ஸ்அப் செய்திகளுக்கும் இணையத் தேடலுக்கும் தேவையில்லை. ஒரே இருப்பில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுபவருக்குத் தேவை. படுக்கையாக வைத்த 10 அங்குல டப்லெட்டில் திரை விசைப்பலகை விரிந்தவுடன் ஏறத்தாழ அரைவாசித் திரை மறைந்துபோகிறது. முதற்பந்தியில் என்ன எழுதினோம் என்பதைப் பார்ப்பதற்கே மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடியின்மேல் விசையின் விளிம்பு விரலுக்குப் புலப்படாது என்பதால், கண் எழுதும் வரியில் நிற்காமல் எழுத்தைத் தேடிக் கீழேயே நிற்கும். பல்கலைக்கழக ஒப்படை, பாடக்குறிப்பு, கூட்ட அறிக்கை போன்றவற்றை எழுதுபவர்களுக்கு இது நாளடைவில் பெரும் களைப்பைத் தரும்.

மாதத்துக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதுகிறேன் என்பவர் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் இலங்கைத் தமிழுக்கெனத் தனித் தெரிவு இருக்கிறது. அதைப் பேசிப் பார்த்துவிட்டு, திருத்தங்களை மட்டும் திரையில் செய்துகொள்ளலாம்.

கடைகளில் கிடைப்பவை என்னென்ன வகை?

இணைக்கும் முறையை வைத்துப் பார்த்தால் மூன்று. முதலாவது, டப்லெட்டின் உடலில் உள்ள உலோகப் புள்ளிகளோடு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் உறை விசைப்பலகை. அப்பிளின் ஐபேட்டுகள் பலவற்றிலும், சம்சுங்கின் டப் எஸ் வரிசையிலும், மைக்ரோசொப்டின் சர்ஃபேஸிலும் இந்த வசதி உண்டு. இதற்குத் தனி மின்கலமோ இணைப்புச் சடங்கோ தேவையில்லை; ஆனால் குறிப்பிட்ட சில மாதிரிகளுக்கு மாத்திரமே பொருந்தும்.

இரண்டாவது, புளூடூத் மூலம் இணைவது. இது உறையாகவும் வரும், தனிப் பலகையாகவும் வரும். மூன்றாவது, மேசைக் கணினியில் பாவிக்கும் யூஎஸ்பி விசைப்பலகையையே ஓடிஜி எனப்படும், யூஎஸ்பி முனையை டப்லெட்டின் மின்னேற்றும் வாயோடு பொருத்தும் சிறிய இணைப்பியொன்றின் ஊடாக டப்லெட்டில் செருகுவது. வீட்டில் பழைய விசைப்பலகை இருந்தால், புதியதை வாங்குமுன் இந்த மூன்றாவது வழியில் ஒரு கிழமை எழுதிப் பாருங்கள். உங்களுக்கு வெளி விசைப்பலகை உண்மையிலேயே உதவுமா என்பது மிகக் குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

ஆங்கிலம் எழுத நல்லதாக இருக்கும் விசைப்பலகை தமிழுக்கும் நல்லதாக இருக்காதா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துவிசைகள் போதும். அவை யாவும் பலகையின் நடுப்பகுதியில் அடங்கிவிடும். வலது ஓரத்தில் இருக்கும் சதுர அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சாய்கோடு ஆகிய விசைகளை ஆங்கிலம் எழுதுபவர் எப்போதாவதுதான் தொடுவார். எனவே, சிறிய டப்லெட்டுக்கான விசைப்பலகையை வடிவமைப்பவர்கள் இடம் போதாதபோது முதலில் கைவைப்பது அந்த ஓர விசைகளில்தான். சிலவற்றில் அவை அரை அகலத்துக்குச் சுருங்கியிருக்கும். சிலவற்றில் வேறு வரிசைக்கு இடம் மாறியிருக்கும். இன்னும் சிலவற்றில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால் மட்டுமே கிடைக்கும்.

தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பிலோ (எந்த விசையில் எந்த எழுத்து என்ற ஒழுங்கே விசையமைப்பு) அதே ஓரத்தில்தான் நமக்கு அன்றாடம் வேண்டிய எழுத்துகள் இருக்கின்றன. இரு சதுர அடைப்புக்குறி விசைகளில் ச, ஞ ஆகியவையும், அரைப்புள்ளியில் ந என்பதும், மேற்கோள்குறியில் ய என்பதும், சாய்கோட்டில் ழ என்பதும் அமைந்துள்ளன. ‘யாழ்ப்பாணம்’ என்று தட்டுவதற்கு முதல் அழுத்தமே மேற்கோள்குறி விசையில். மூன்றாவது அழுத்தம் சாய்கோட்டில். அந்த இரண்டும் சுருங்கிய பலகையில் ஊரின் பெயரை எழுதும்போதே சுண்டுவிரல் தடுமாறி, பக்கத்திலிருக்கும் என்டர் விசையில் விழுந்து, வரி உடைந்துபோகும்.

ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டு தமிழைத் தட்டும் ஒலிப்பு முறையில், அதாவது அஞ்சல் விசையமைப்பில் எழுதுபவருக்கு ஓர விசைகள் அவ்வளவு முக்கியமல்ல. ஆனால் ண, ள, ற ஆகியவற்றுக்கு ஷிஃப்ட் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். தமிழில் அவை வராத வரியைக் காண்பது அரிது. ஆகவே இவர்கள் இரு பக்கமும் ஷிஃப்ட் விசைகள் போதிய அகலத்தோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வலப்பக்க ஷிஃப்ட்டைச் சிறிய சதுரமாக்கி, அதற்கும் சாய்கோட்டுக்கும் இடையில் மேலம்பு விசையைச் செருகிவிட்ட பலகைகள் சந்தையில் உள்ளன. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

நான் பல வருடங்களாகப் பாமினியில் தட்டிப் பழகியவர். டப்லெட்டில் என்ன செய்வது?

யாழ்ப்பாணத்து அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் வளர்ந்த கைகள் பெரும்பாலும் பாமினிக் கைகளே. அவர்கள் ‘தமிழ்’ என்று எழுத ஆங்கில ஜே, கே, பி, ஓ, பின்னர் அரைப்புள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார்கள். இதில் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: பாமினி எழுத்துரு ஒன்று, பாமினி விசையமைப்பு இன்னொன்று.

பாமினி எழுத்துருவில் எழுதிய கோப்பு உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குவியலாகத் தெரியும். டப்லெட்டிலும் கைத்தொலைபேசியிலும் எழுதுவது யாவும், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறியில் (யுனிகோடில்) இருப்பதே பயன் தரும். ஆகவே எழுத்துருவைக் கைவிடலாம், கைவிடவும் வேண்டும். விசையமைப்பைக் கைவிடுவதோ அவ்வளவு இலகுவல்ல. அது கையில் படிந்த பழக்கம். இலங்கைத் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 நியமத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையில் பழகிய அரச அலுவலகத் தட்டச்சாளர்களின் நிலையும் இதுதான்.

ஐபேட்டில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டும் 2013இல் வெளியான ஐஓஎஸ் 7 தொடக்கம் உள்ளேயே வருகின்றன, பாமினி வருவதில்லை. பிறர் உருவாக்கிய விசைப்பலகைச் செயலியை ஐபேட்டில் நிறுவினாலும் அது திரையில் மட்டுமே வேலை செய்யும், இணைத்த வெளி விசைப்பலகைக்குச் செல்லாது. எனவே பாமினிக் கையை மாற்ற விரும்பாதவருக்கு விண்டோஸ் இயங்கும் டப்லெட் அல்லது சிறிய மடிக்கணினியே என் பரிந்துரை. எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் அங்கே பாமினி விசையமைப்பில் தட்டுவதை ஒருங்குறியாக எழுதித் தரும். நாற்பது வருடம் தட்டிய ஒருவரிடம் புதிய விசையமைப்பைப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது, வலக்கையால் உண்பவரை இடக்கையால் உண்ணச் சொல்வது போன்றது. கருவியைக் கைக்கு ஏற்ப மாற்றுவதே முறை.

இப்போதுதான் தமிழ்த் தட்டச்சைத் தொடங்கும் மாணவருக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். அவர் தமிழ்99ஐப் படிக்கட்டும். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் வருவதால் கைகள் மாறி மாறி இயங்கும். ஒரே மெய் இரட்டிக்கும்போது புள்ளி தானாகவே விழும். ‘யாழ்ப்பாணம்’ என்பதைப் பாமினியில் எழுத 11 அழுத்தங்கள் தேவை, அவற்றுள் மூன்று புள்ளிக்காக அரைப்புள்ளி விசையில் விழுபவை. தமிழ்99இல் 10 அழுத்தங்களில் முடிந்துவிடும். ஒரு சொல்லில் இது சிறிய வேறுபாடுதான். பக்கம் பக்கமாக எழுதும்போது சுண்டுவிரல் அதன் பெறுமதியை உணரும்.

அன்ட்ரொயிட் டப்லெட்டில் தமிழ் வருமா?

திரையில் தமிழ் வருவதை வைத்து வெளி விசைப்பலகையிலும் வரும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அன்ட்ரொயிட்டில் பல தமிழ் விசைப்பலகைச் செயலிகள் திரையில் தொட்டு எழுதுவதற்காகவே செய்யப்பட்டவை. வெளி விசைப்பலகையில் அழுத்தும் விசை அந்தச் செயலியைத் தாண்டி நேரே எழுதும் இடத்துக்குச் சென்று ஆங்கில எழுத்தாக விழுந்துவிடும். வாங்கியவர் விசைப்பலகை பழுது என்று எண்ணித் திருப்பிக் கொண்டுபோவார். உண்மையில் அதில் பழுது எதுவும் இருக்காது.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் டப்லெட்டையே எடுத்துச் செல்லுங்கள். விசைப்பலகையை இணைத்த பின்னர்தான் அமைப்புகளில் வெளி விசைப்பலகைக்கான பக்கம் திறக்கும். அங்கே தமிழுக்கான விசையமைப்பு காட்டப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையெனில், வெளி விசைப்பலகையையும் ஏற்கும் தமிழ்ச் செயலி ஒன்றை முதலில் நிறுவி, வீட்டிலிருக்கும் யூஎஸ்பி விசைப்பலகையை ஓடிஜி மூலம் செருகிச் சோதித்துவிட்டு, அது சரிவந்த பிறகு கடைக்குப் போங்கள். டப்லெட்டையே இனித்தான் வாங்கப்போகிறீர்கள், அதில் முதன்மையாகத் தமிழ்தான் எழுதப்போகிறீர்கள் என்றால், இந்த ஒரு விடயத்தில் ஐபேட்டும் விண்டோஸும் கவலை குறைந்தவை.

தமிழ் எழுத்துப் பொறித்த விசைப்பலகை கிடைக்குமா?

மும்மொழியும் பொறித்த மேசைக் கணினி விசைப்பலகைகள் இலங்கையில் விற்கப்படுகின்றன. டப்லெட்டுக்கான உறை விசைப்பலகைகளில் அப்படி எதிர்பார்க்க வேண்டாம். விசைகளில் ஒட்டும் எழுத்து ஒட்டிகளை வாங்கலாம். ஆனால் அவை உங்கள் விசையமைப்புக்கு உரியவைதானா என்று பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் ஒரு விசையமைப்பில் எழுதுபவருக்கு இன்னொன்றின் ஒட்டி குழப்பத்தையே தரும். மெல்லிய உறை விசைப்பலகைகளில் ஒட்டியின் தடிப்பு மூடும்போது திரையில் உரசக்கூடும். அச்சிட்ட விசைப்படமொன்றை மேசையில் வைத்துக்கொண்டு பழகுவதே நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஒரு விசைப்பலகை கொண்டுவருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

எந்த நாட்டிலிருந்து என்று முதலில் கேளுங்கள். நமது வீடுகளில் இது பலமுறை கைவிடப்பட்ட பரிசாக அலுமாரியில் கிடக்கிறது. அன்போடு வாங்கி வந்த பொருள் அப்படிக் கிடப்பது வருத்தமானது, சில நிமிட உரையாடலால் தவிர்க்கக்கூடியதும்கூட.

பிரான்சில் சாதாரணமாக விற்கப்படும் விசைப்பலகையில் ஏ இருக்கும் இடத்தில் கியூவும், இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூவும் மாறியிருக்கும். எம் விசை எல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். எண்களை எழுதவே ஷிஃப்ட் அழுத்த வேண்டும். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும். இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு நம்முடைய ஊரின் பெயரே சான்று. அஞ்சல் முறையில் வை என்பது ய, இசட் என்பது ழ. ஜேர்மன் பலகையில் பொறித்த எழுத்தைப் பார்த்துத் தட்டினால் ‘யாழ்’ என்பது ‘ழாய்’ என்று விழும். டப்லெட்டின் அமைப்பில் எந்தத் தமிழ் விசையமைப்பும் அமெரிக்க ஆங்கிலப் பலகையின் இடங்களை அடிப்படையாகக் கொண்டே இருப்பதால் இப்படி நேர்கிறது.

பிரித்தானியாவிலிருந்து வருவதில் எழுத்துகள் யாவும் நமக்குப் பழகிய இடங்களிலேயே இருக்கும். இரட்டை மேற்கோளும் அட் குறியும் மட்டும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும். இடப்பக்க ஷிஃப்ட் சற்றுக் குறுகியதாகவும் என்டர் விசை உயரமானதாகவும் இருக்கும். இரண்டொரு நாளில் பழகிவிடலாம். கனடாவிலிருந்து வாங்குபவர், பெட்டியில் பிரெஞ்சு எழுத்துகளும் சேர்ந்த இருமொழிப் பலகையா, தனி ஆங்கிலப் பலகையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பார்க்காமலே தட்டும் தமிழ்99காரருக்குப் பொறித்த எழுத்து எதுவாயினும் கவலையில்லை. விசை அந்த இடத்தில் இருந்தால் போதும். நோர்வேயிலிருந்து வந்த பலகையில்கூட, அந்நாட்டு எழுத்துகள் பொறித்த ஓர விசைகளில் நம்முடைய ச, ந, ய ஆகியவை சரியாகவே விழும். மற்றவர்களுக்கெல்லாம், ‘அமெரிக்க ஆங்கில விசைப்பலகை’ என்று எழுதி அனுப்பி, கூடவே டப்லெட்டின் மாதிரி இலக்கத்தையும் அனுப்புவதே பாதுகாப்பு. அங்கே கொடுக்கும் உத்தரவாதம் இங்கே பெரும்பாலும் செல்லாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

விசைகளின் அளவை எப்படி மதிப்பிடுவது?

மேசைக் கணினி விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 19 மில்லிமீற்றர் இருக்கும். கடையில் ஓர் அடிமட்டத்தை எடுத்து, கியூ விசையின் நடுவிலிருந்து பி விசையின் நடுவரை அளந்து பாருங்கள். முழு அளவுப் பலகையில் அது 17 சென்ரிமீற்றருக்கு மேல் வரும். 15 சென்ரிமீற்றருக்குக் கீழே வந்தால், பெரிய கை உடையவர் நீண்ட நேரம் எழுத முடியாது.

ஆனால் இந்த அளவு ஒன்றை மட்டும் நம்பியும் ஏமாறக்கூடாது. முழு அளவில் ஒரு வரிசைக்கு 15 விசைகளின் அகலம் தேவை. அது 28 சென்ரிமீற்றரைத் தாண்டும். 10 அங்குல டப்லெட்டின் நீளமோ ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர்தான். எனவே அதன் அகலத்துக்கே செய்த உறை விசைப்பலகையில் ஏதோ ஒன்று சுருங்கியே தீரும். எல்லா விசைகளையும் சீராக 16, 17 மில்லிமீற்றருக்குக் குறைத்தவர்களும் உண்டு. எழுத்துவிசைகளை முழு அளவில் வைத்து விளம்பரப்படுத்திக்கொண்டு, ஓர விசைகளை நெரித்தவர்களும் உண்டு. ஆங்கிலம் எழுதுபவர் இரண்டாவதை விரும்புவார். தமிழ்99இலோ பாமினியிலோ எழுதுபவர் முதலாவதையே எடுக்க வேண்டும். இரண்டு மில்லிமீற்றர், மூன்று மில்லிமீற்றர் சீராகக் குறைந்ததற்குக் கை விரைவில் பழகிவிடும். ஒரே வரிசையில் சில விசைகள் அகலமாகவும் சில ஒடுக்கமாகவும் இருப்பதற்குப் பழகுவது கடினம்.

8 அங்குல அளவிலான சிறிய டப்லெட் வைத்திருப்பவர் அதன் அகலத்துக்குப் பொருந்தும் உறை விசைப்பலகையை வாங்கவே வேண்டாம். தனியான புளூடூத் பலகையும் ஒரு சிறிய தாங்கியும் வாங்குங்கள்.

புளூடூத் பலகையில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஒரே பலகையை டப்லெட்டுக்கும் கைத்தொலைபேசிக்கும் மாற்றி மாற்றிப் பாவிக்க முடியுமா என்பதை முதலில் கவனியுங்கள். உதாரணமாக, லொஜிடெக் கே380 என்ற பலகை மூன்று கருவிகளை நினைவில் வைத்திருக்கும். எஃப்1, எஃப்2, எஃப்3 விசைகளால் மாறிக்கொள்ளலாம். அதன் அகலம் 279 மில்லிமீற்றர், எடை 423 கிராம், இரண்டு டிரிபிள் ஏ மின்கலங்களில் இயங்கும். அதே நிறுவனத்தின் கே480இல் டப்லெட்டை நிறுத்திவைக்கும் பள்ளம் பலகையிலேயே இருக்கிறது. ஓர விசைகள் நெரியாத பலகைக்கு எடுத்துக்காட்டாகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

மின்கலம் பற்றிய கேள்வி யாழ்ப்பாணத்தில் வீண் கேள்வியல்ல. 2022இன் முற்பகுதியில் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. உள்ளமைந்த மின்கலம் உள்ள பலகை மெல்லியதாக இருக்கும், ஆனால் சில வருடங்களில் அந்த மின்கலம் தளர்ந்தால் மாற்றுவது கடினம். டிரிபிள் ஏ மின்கலத்தைச் சந்தியிலுள்ள கடையிலும் வாங்கலாம். விசைக்கடியில் ஒளிரும் விளக்கு அழகுதான். அது மின்கலத்தை விரைவாக உறிஞ்சும். உள்ளமைந்த மின்கலம் உள்ளதைத்தான் எடுப்பதென்றால், மின்னேற்றும் வாய் யூஎஸ்பி-சி வகையில் இருக்கட்டும்.

ஐபேட்டுக்கு எந்த விசைப்பலகை என்பதை எப்படி உறுதிப்படுத்துவது?

திரையின் அங்குலத்தைச் சொல்லி வாங்காதீர்கள். 10ஆம் தலைமுறை ஐபேட்டும், 4ஆம், 5ஆம் தலைமுறை ஐபேட் எயாரும் 10.9 அங்குலமே, ஆனால் எயாரில் காந்த இணைப்புப் புள்ளிகள் முதுகிலும் 10ஆம் தலைமுறையில் நீண்ட விளிம்பிலும் இருப்பதால், ஒன்றின் காந்த விசைப்பலகை மற்றதில் இயங்காது. 9ஆம் தலைமுறை 10.2 அங்குலம், மின்னேற்றும் வாயும் வேறு. அமைப்புகளில் ‘பொது’, பின்னர் ‘பற்றி’ என்ற பகுதியில் உள்ள மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். சம்சுங் டப்லெட்டுகளுக்கும் இதே வழிமுறை.

தொடுபலகை சேர்ந்தது வேண்டுமா?

நீண்ட கட்டுரைகளைத் திருத்துபவருக்கும் அட்டவணைகளில் வேலை செய்பவருக்கும் உதவும். 2020 மார்ச்சில் வந்த ஐபேட்ஓஎஸ் 13.4 முதல் ஐபேட்டும் தொடுபலகையை ஏற்கிறது. வெறுமனே எழுதுபவருக்கு விரலும் அம்பு விசைகளும் போதும். அந்த இடத்தை விசைகளுக்குக் கொடுத்த பலகையே மேல்.

மடியில் வைத்து எழுதலாமா?

விறாந்தைக் கதிரையிலோ கொழும்புக்குப் போகும் பேருந்திலோ இருந்து எழுதுபவர், பின்னால் கால் விரித்து நிற்கும் உறைகளைத் தவிர்க்க வேண்டும். அவை நிற்பதற்கு மேசையின் ஆழம் தேவை. மடிக்கணினிபோல இறுக்கமான பிணைச்சல் உள்ள உறையே மடியில் நிற்கும். டப்லெட்டையும் உறையையும் சேர்த்துக் கையில் தூக்கிப் பார்த்தே வாங்குங்கள். அரைக் கிலோகிராம் டப்லெட் உறையோடு ஒரு கிலோகிராமை நெருங்கிவிடுவது உண்டு.

நம்முடைய காலநிலையில் எவை நீடிக்கும்?

கடலோரத்து உப்புக் காற்று, சோளகக் காலத்துப் புழுதி, மாரிகால ஈரம் ஆகிய மூன்றும் விசைப்பலகைக்கு எதிரிகள். செயற்கைத் தோல் போர்த்திய மலிவான உறைகள் நமது வெக்கையிலும் ஈரப்பதத்திலும் சில வருடங்களிலேயே செதில் செதிலாக உரியத் தொடங்கும்; உரிந்த துகள்கள் விசையிடுக்கில் விழும். துணி போர்த்தியதோ கெட்டியான பிளாஸ்டிக்கோ மேல். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, குருநகர், காரைநகர் போன்ற கரையோரப் பகுதிகளில் இருப்பவர்கள் காந்த இணைப்புப் புள்ளிகளை அடிக்கடி உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ‘விசைப்பலகை சிலவேளை வேலை செய்கிறது, சிலவேளை இல்லை’ என்ற முறைப்பாட்டுக்கு அந்தப் புள்ளிகளில் படியும் அழுக்கே பெரும்பாலும் காரணம்.

தேநீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு எழுதும் பழக்கமுள்ளவர் வீட்டில் எறும்பு விசைக்கடியில் குடியேறுவது உண்மையாகவே நடக்கும். விசைகளின்மேல் படியும் மெல்லிய சிலிக்கன் விரிப்பு இதற்கும் புழுதிக்கும் நல்ல காப்பு. உறை விசைப்பலகையை மூடும்போது மட்டும் விரிப்பை எடுத்துவிடுங்கள்.

கடையில் எப்படிச் சோதிக்க வேண்டும்?

பெட்டியைத் திறந்து இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை. இணைத்ததும் ஆங்கிலத்தில் பெயரை எழுதிப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ‘ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிச் சந்தையில் வாழைக்குலை வாங்கினோம்’ என்ற வரியை உங்கள் வழமையான வேகத்தில் மூன்று நான்கு தடவை எழுதுங்கள். தமிழ்99இல் ஓரத்தில் இருக்கும் ஞ, ய, ழ, ந, ச ஆகிய ஐந்தும் அதில் வருகின்றன. அஞ்சலில் எழுதுபவருக்கு ஷிஃப்ட் தேவைப்படும் எழுத்தும், பாமினிக்காரருக்குப் புள்ளிகளும் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பிழை விட்டால், பிழை உங்கள் கையில் இல்லை. அந்தப் பலகையை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.

இணையவழியில் கொழும்பிலிருந்து வருவித்தால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. திருப்பி அனுப்புவதற்கான நிபந்தனையை எழுத்தில் பெற்ற பின்னர் மட்டுமே அப்படி வாங்குங்கள். மேலிருந்து நேராக எடுத்த படத்தைக் கேட்டு, வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வாங்கிய பின் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவது எப்படி?

ஐபேட்டில் அமைப்புகளில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டால், உலக உருண்டை பொறித்த விசையாலோ, கண்ட்ரோலையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்துவதாலோ மாறலாம். விண்டோஸில் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அன்ட்ரொயிட்டில் இது கருவிக்குக் கருவி வேறுபடும். வெளி விசைப்பலகைக்கான அமைப்புப் பக்கத்தில் குறுக்குவிசை காட்டப்பட்டிருக்கும், சிலவற்றில் அதை மாற்றிக்கொள்ளவும் முடியும். தேவையற்ற மொழிகளை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கி, தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும் வைத்திருங்கள். அப்போது ஒரே அழுத்தத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்வரலாம்.